ஒரே மாடிக்கு இரண்டு வரைபடம்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு மூன்றுக்கு மேல் வராது. நன்றாகச் சமைப்பாள். குழந்தைகளை அடிக்க மாட்டாள். உயரத்தைக் கண்டு பயப்பட மாட்டாள். இந்த மூன்றாவது எனக்குத் தெரியவரும் வரைக்கும் எங்களுக்குள் பெரிதாகச் சண்டை எதுவும் இருந்ததில்லை.

நான் அந்த வீட்டுக்கு மூத்த மருமகள். அவள் என் கொழுந்தனின் மனைவி. திருமுல்லைவாயிலில் கீழ்த்தளத்தில் மாமனார் மாமியாரோடு நாங்கள், மாடியில் அவர்கள், அதற்கு மேலே மொட்டை மாடி. சமையல் மட்டும் ஒன்று. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே வேலைக்குப் போனவள். பாடியில் ஒரு தொழிற்சாலையில், கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கும் லைனில், யூனிஃபார்ம் சட்டையோடு நின்றேன். விடிவதற்குள் ஸ்டேஷன் வாசலில் கம்பெனி பஸ் ஏறுவேன். வெளிச்சம் போன பிறகு திரும்பி வருவேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் தூக்கம். வீட்டை அவள் பார்த்துக்கொண்டாள். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. நான் முதலில் வந்தேன், எனக்கு வேலை கிடைத்தது. அவள் வந்தபோது மிச்சமிருந்தது அடுப்படிதான்.

பிறகு அந்தத் தொழிற்சாலை எங்களை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. அதே வருஷம் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்தன. வீட்டில் எந்நேரமும் ஓர் ஆள் இருந்தாக வேண்டும் என்று ஆனது. நானும் வீட்டில், அவளும் வீட்டில். ஒரு சமையலறையில் இரண்டு பேர் நின்றால் உப்பு யார் போட்டது என்பதே ஒரு பிரச்சினையாகிவிடும். எங்களுக்கும் ஆனது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பெண்களுக்குச் சோலார் பேனல் பொருத்தும் பயிற்சி இலவசமாகத் தருகிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தது நான்தான். பழைய லைன் தோழி ஒருத்தி, ஆவடியில் இருப்பவள், தன் சர்ச்சில் அறிவிப்பு படித்தார்கள் என்று போன் செய்து சொன்னாள். சாப்பிடும்போது நான் அதைச் சொன்னேன். சொன்ன வாயை மூடவில்லை, "நானும் வரேன்க்கா" என்றாள் அவள், ரசம் ஊற்றிக்கொண்டே. ஏதோ கோயிலுக்குக் கூப்பிட்ட மாதிரி.

எனக்குச் சுருக்கென்றது. உனக்கு எதற்கு என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாமியார் முந்திக்கொண்டார். ரெண்டு பேரும் கத்துக்கட்டும், ஒருத்தி காலையில் போகட்டும், ஒருத்தி மத்தியானம் போகட்டும் என்றார். முடிவாக ஒன்று சொன்னார்: "கம்பெனிக்காரன் யாரைக் கூப்புடுறானோ அவ போவட்டும். இன்னொருத்தி ஊட்ல கீற வேலையப் பாக்கட்டும். எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

அவருக்கு ஒன்றுதான். எனக்கு அப்படி இல்லை. சம்பளம் என்பது அதில் ஒரு பங்குதான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யாருக்கும் பதில் சொல்லாமல் போகிற அந்த அரை மணி நேரம் எனக்கு வேண்டும். மதியம் நாலு பேரோடு டப்பாவைத் திறந்து, யார் வீட்டுக் குழம்பு நன்றாக இருக்கிறது என்று அடித்துக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போகிறவள் என்ற பேச்சு அந்தத் தெருவில் என்னைப் பற்றித்தான் இருந்தது. அதை இன்னொருத்திக்கு எடுத்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பயிற்சிக்குக் கனமான ஷூ கட்டாயம். முனையில் இரும்பு வைத்தது, அவரவர் சொந்தத்தில் வாங்க வேண்டும். காலையில் அவள், மத்தியானம் நான் என்று ஆனதால் எதற்கு ரெண்டு ஜோடி என்று மாமியார் ஒன்றுதான் வாங்க விட்டார். மூத்தவள் என்பதால் என் அளவுக்கு வாங்கியது. அவள் காலுக்கு அது படகு மாதிரி இருக்கும். இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டி, முன்பக்கம் துணி திணித்துப் போட்டுக்கொண்டு போவாள். மத்தியானம் அவள் வந்து பஸ் இறங்க, நான் நிறுத்தத்தில் செருப்போடு காத்திருப்பேன். நிழற்குடையில் உட்கார்ந்து நாங்கள் மாற்றிக்கொள்வோம். அவள் என் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். நான் அவள் வியர்வையில் நனைந்த ஷூவுக்குள் காலை விட்டுக்கொண்டு அம்பத்தூருக்கு ஏறுவேன். பங்குனி வெயிலில் அந்த ஷூ எப்படி இருந்திருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. நான் அவளை மனதுக்குள் கரித்துக்கொட்டாத மத்தியானம் கிடையாது.

பயிற்சி மையம் ஒரு பழைய பட்டறைக் கட்டடம். பின்பக்கம் வெயிலில் ஒரு தகரக்கூரை போட்டு வைத்திருந்தார்கள், ஏறிப் பழகுவதற்கு. சொல்லிக் கொடுத்தவர் பூந்தமல்லிக்காரர். அவர் குடும்பத்துக்கு அங்கே மசூதிக்குப் பக்கத்தில் எலக்ட்ரிக் கடை இருக்கிறது. குரலை உயர்த்தாத மனிதர். ஒயர் வேலை வந்தபோது நான் என் கையைக் காட்டினேன். பேனலிலிருந்து வரும் ஒயரின் நுனியைச் சீவி, உள்ளே உலோகக் குச்சியை வைத்து அழுத்தி, மேலே பிளக்கைத் திருக வேண்டும். வருஷக் கணக்கில் நான் செய்துவந்த வேலை அது. சார் என் பிளக்கை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. இதை எல்லாரும் பாருங்கம்மா என்று வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டார். வீட்டுக்கு வந்து அதை நான் மாமியாரிடம் சத்தமாகச் சொன்னேன். அவள் அடுப்படியில்தான் இருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அடுத்த வாரம் கூரை ஏறும் வகுப்பு. இடுப்பில் பெல்ட் மாட்டி, கயிற்றின் கொக்கியைக் கம்பியில் போட்டு ஏற வேண்டும். ஏணி வரைக்கும் நான் ராணி. மேலே தகரத்தில் கால் வைத்ததும் கை இரண்டையும் ஊன்றிவிட்டேன். நான் தவழ்ந்து போனேன். பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரிப்பதுபோல் காட்டினேன். சார் எனக்குத் தைரியம் சொல்ல நினைத்து, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்தார். காலை பேட்ச்சில் உங்கள் வீட்டிலிருந்து வருகிறவர் முதல் தடவையே நிமிர்ந்து நடந்துவிட்டார், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

அவளிடமா? நான் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. என் அளவு ஷூவை, துணி திணித்துக்கொண்டு, அவள் தகரத்தின் மேல் நடந்திருக்கிறாள். அதே ஷூ எனக்குப் பாந்தமாக இருந்தும் நான் தவழ்ந்திருக்கிறேன். அவள் வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெருமையடித்திருந்தால் நானும் ரெண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. நான் அதற்கு வேறு நாகரிகமான பெயர் எதுவும் வைக்கப் போவதில்லை.

பயிற்சியின் கடைசியில், வைகாசியில், ஒரு வேலை கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டு மொட்டை மாடியை அளந்து, எந்த இடத்தில் பேனல் வைக்கலாம் என்று வரைந்து கொண்டுவர வேண்டும். கம்பெனியிலிருந்து ஆள் வருவார்கள், வரைபடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், அதை வைத்துத்தான் வேலைக்கு எடுப்பார்கள். எல்லாருக்கும் ஒரு வீடு, ஒரு மாடி. எங்கள் இருவருக்கும் சேர்த்தே ஒரு மாடி.

நான் உச்சி வெயிலில் டேப்பை எடுத்துக்கொண்டு ஏறினேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் பட்டப்பகலில் அந்த மாடியில் நான் அவ்வளவு நேரம் நின்றது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். நடுவில் மாடிப்படி ரூம், அதன் தலையில் தண்ணீர் டேங்க். தெற்கே அகலமான இடம், குறுக்கும் நெடுக்கும் துணிக்கொடிகள், மாமனாரின் பெட்ஷீட்டுகள், குழந்தைகளின் உடுப்புகள். வடக்கே, படி ரூமுக்குப் பின்னால், நீளமாக ஓர் இடம் காலியாகக் கிடந்தது. ஒரே ஒரு கொடி, அதிலும் ஒன்றும் இல்லை. தரை பளபளவென்று காய்ந்தது. படி ரூமின் நிழலைத் தேடினேன். அது சுவரின் காலடியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது, அதுவும் தெற்குப் பக்கம். வடக்கே ஒரு சாண் நிழல்கூட இல்லை. எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. துணி காயப்போடுகிற இடத்தைத் தொடவே வேண்டாம். ஒயரும் படி வழியாக நேராகக் கீழே இறங்கிவிடும், கொஞ்ச நீளம் போதும். பேனல்களைத் தெற்குப் பார்த்து அழகாக இரண்டு வரிசை வரைந்தேன்.

அவள் வரைபடத்தையும் பார்த்தேன். மறைக்க மாட்டாள், சாப்பாட்டு மேஜையிலேயே விரித்து வைத்து வரைந்துகொண்டிருந்தாள். தெற்குப் பக்கத்தில், துணிக்கொடிகளுக்கு மேலே, உயரமாகக் கம்பி நட்டு அதன் மேல் பேனல் போட்டிருந்தாள். அப்புறம் துணி எங்கே காயப்போடுவது என்று கேட்டேன். பேனலுக்கு அடியிலேயே கொடி கட்டிக்கொள்ளலாம், காற்று வரும் என்றாள். கம்பிக்கு எவ்வளவு செலவு, ஒயர் எவ்வளவு நீளம் என்று எனக்கு மனதுக்குள் ஓடியது. பாவம், வீட்டில் இருக்கிறவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைத்தேன். நிஜமாகவே அவள் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

கம்பெனியிலிருந்து வந்தது ஓர் இளம் பெண். என்ஜினீயர். இரண்டு பேட்ச்சையும் ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். மாமனாரைப் பார்த்துக்கொள்ள என் கணவர் அன்றைக்கு லீவு போட்டிருந்தார். ஷூ ஒன்றுதானே, அன்று நான் போட்டிருந்தேன், அவள் செருப்போடு வந்திருந்தாள். அந்தப் பெண் வரைபடங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, எங்கள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இது ஒரே வீடா என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நான் எழுந்து என் காரணங்களைச் சொன்னேன். கோர்வையாகத்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அவளைப் பார்த்தார். வடக்குப் பக்கம் இவ்வளவு இடம் காலியாக இருக்கும்போது ஏன் அதைத் தொடவில்லை என்று கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"மார்கழில அங்க துணி காயாது மேடம். படி ரூம் நெழலு பகல் பூரா அங்கதான் விழுந்துகினு கெடக்கும். தெக்குப் பக்கம் கொடி ரொம்பிடுச்சுன்னா எங்க அக்கா யூனிஃபார்ம் சட்டைய அங்க போடுவேன். சாயங்காலம் எடுக்கப்போனா ஈரம் அப்படியே இருக்கும்."

சார் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. எல்லாரையும் பார்த்து, வகுப்பில் சொன்னதை மறுபடி சொன்னார். வைகாசி ஆனியில் நம் ஊரில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து, கொஞ்சம் வடக்கேகூடச் சாயும். மார்கழியில் நாள் முழுக்கத் தெற்கே தாழ்ந்து போகும், அப்போது உயரமாக நிற்கிற எதுவும் வடக்கே நீளமாக நிழல் போடும். பேனல் வருஷம் பூராவும் அங்கேயே இருக்கப் போகிறது, ஆகவே நிழலை மார்கழிக்குத்தான் கணக்குப் போட வேண்டும். என் பக்கம் திரும்பி, மெதுவாக, "தெக்குப் பாத்துதான் வெச்சிருக்கீங்கம்மா. ஆனா தெக்கால செவுரு நிக்குதே" என்றார். இதை அவர் முன்பே சொல்லியிருக்கிறார், நானும் கேட்டிருக்கிறேன். மாடியில் நின்றபோது கண்ணுக்குத் தெரிந்ததை நம்பி வரைந்துவிட்டேன்.

வேலைக்கு எடுத்தவர்களின் பெயரை அன்று சாயங்காலமே சொன்னார்கள். அவள் பெயர் முதலில் வந்தது. என் பெயர் வரவில்லை. வீட்டுக்கு ஒரே பஸ்ஸில் திரும்பினோம், ஒரே சீட்டில். ஜன்னலோரம் நான்தான் உட்கார்ந்தேன். அதையாவது விட்டுக்கொடுப்பதாக இல்லை.

எஸ்டேட் தாண்டியதும், "அக்கா, உங்கள எறக்கணும்னு நான் சொல்லலக்கா" என்றாள்.

"தெரியும்" என்றேன். தெரியும் என்பதுதான் கஷ்டமாக இருந்தது. வேண்டுமென்றே செய்திருந்தால் ஒரு வருஷத்துக்குப் பேசாமல் இருந்து ஆற்றிக்கொண்டிருப்பேன். என் சட்டையைக் காயப்போட்டே என்னைத் தோற்கடித்திருக்கிறாள். நான் பகலெல்லாம் லைனில் நிற்க, அவள் அந்த மாடியில் ஏறி இறங்கி, எந்த மாதம் எந்த மூலையில் வெயில் என்று காலாலேயே தெரிந்து வைத்திருக்கிறாள். எனக்கு என் வீட்டு மொட்டை மாடியே தெரியவில்லை.

மாமியார் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அவள் போனாள். நான் இருந்தேன்.

அவளுக்குக் கம்பெனியே புது ஷூ கொடுத்தது, அவள் அளவில். பழைய ஜோடி என் அளவில் வாசலோரம் கிடந்தது. ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு மாவு மில்லுக்குப் போய் வந்தேன். தெருவில் ஒருத்தி கேட்டாள், இன்னா, வேலைக்குக் கெளம்பிட்டியா என்று. அதோடு அதைப் பரணில் போட்டுவிட்டேன். அவள் சாயங்காலம் முகம் கறுத்து வருவாள். சாப்பிடும்போது குழந்தைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்பார்கள். என் பிள்ளைகளும்தான். ஆவடியில் ஒரு வீட்டுக் கூரையில் குரங்கு வந்தது, ஒரு பெரியம்மா மேலே ஏறி வந்து மோர் கொடுத்தார், இப்படி. முன்பெல்லாம் அந்த இடத்தில் உட்கார்ந்து லைன் கதை சொன்னவள் நான். போனில் ஒரு படம் காட்டினாள், அயனம்பாக்கத்தில் ஏதோ ஒரு மாடியில் நின்று எடுத்தது. பின்னால் ஏரி முழுக்கத் தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவுகிற சாக்கில் எழுந்து போனேன். ரெண்டு தட்டைக் கொஞ்சம் ஓசையாகவே வைத்தேன்.

ஐப்பசி கார்த்திகை மழையில் எந்த மூலையிலும் துணி காயவில்லை. மார்கழி பிறந்து வானம் வெளுத்தது. ஒரு நாள் மாமனாரின் பெட்ஷீட் எல்லாம் துவைத்ததில் தெற்குக் கொடி அத்தனையும் நிறைந்துவிட்டது. கையில் மிச்சமிருந்தது அவளுடைய யூனிஃபார்ம் சட்டை. இன்னொரு சட்டை தையல் விட்டு டெய்லரிடம் இருந்தது. வடக்குக் கொடியில் அதைப் போட்டேன். இடமில்லாததால் போட்டேன் என்பது உண்மை. அவள் சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே போட்டேன் என்பதும் உண்மைதான். மத்தியானம் போய்ப் பார்த்தேன். படி ரூமின் நிழல் டேங்க்கோடு சேர்ந்து, நான் பேனல் வரைந்த இடம் முழுக்கப் படுத்துக் கிடந்தது. சட்டை அதற்குள் தொங்கியது. சாயங்காலம் எடுத்தேன். காலரிலும் கை மடிப்பிலும் ஈரம் அப்படியே இருந்தது.

காலையில் அவள் இறங்கி வருவதற்கு முன்னால் அயர்ன் பாக்ஸைச் சூடு பண்ணினேன். ஈரத் துணியில் அது சீறியது, ஆவி எழும்பியது. காலரைத் திருப்பித் திருப்பித் தேய்த்தேன். தேய்த்து முடித்துச் சட்டையைக் கையில் எடுத்தபோது அந்தச் சூடு எனக்குப் பழக்கமானதாக இருந்தது.

மார்கழிக் காலையில் எனக்கு அவள் சட்டையை இப்படித்தான் தருவாள். கைக்குச் சூடாக, மடிப்புக் கலையாமல். வேறு மாதத்தில் முதல் நாளே தேய்த்து அலமாரியில் வைத்துவிடுவாள், மார்கழியில் மட்டும் கிளம்புகிற நேரத்தில் சுடச்சுட வரும். என் ஓரகத்தி மாமியாருக்குப் படம் காட்டுகிறாள் என்று லைனில் நான் சொல்லிச் சிரித்திருக்கிறேன். குளிருக்கு அந்தச் சட்டை நன்றாக இருக்கும். ஏன் மார்கழியில் மட்டும் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவள் இறங்கி வந்தாள். சட்டையை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"காயலியாக்கா?"

"காயல" என்றேன்.

சுடிதாரின் மேல் சட்டையைப் போட்டுக்கொண்டாள். புது ஷூவை மாட்டிக்கொண்டு, டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு அவள் மேல் பொறாமை போகவில்லை. அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்திருக்குமா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தச் சட்டையை நினைத்தேன். அதன் சூடு உடனே ஆறாது. ஸ்டேஷன் வரைக்கும் தாங்கும். எனக்குத் தெரியும்.